புது எலெக்ட்ரிக் கிடார் இரைகிறது, சுருதியும் நிற்கவில்லை: திருப்பிக் கொடுத்துவிடலாமா?

17 ஆகஸ்ட் 2024, மாலை

நேற்று புதுச்சேரியில் வாங்கி, கடலூர்ப் பேருந்தில் மடியில் கிடத்திக்கொண்டு வந்த எலெக்ட்ரிக் கிடாரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரி விடுதியில் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகளாக அக்கூஸ்டிக் கிடார் மட்டுமே வாசித்து வந்தவன் நான். நாற்பத்தாறு வயதில் வந்த ஆசை இது. கிடார் 24,500 ரூபாய், அதன் ஒலியைப் பெருக்கும் 15 வாட் ஆம்ப் 7,800 ரூபாய்.

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் போன்ற ஸ்ட்ராட் வடிவம். கழுத்தில் 22 ஃப்ரெட், அதாவது சுரம் பிரிக்கும் உலோகக் கீற்றுகள். தந்திகளின் அசைவை மின்சாரமாக்குபவை பிக்கப்கள்: தந்திகள் உடலில் முடியும் பிரிட்ஜ் அருகே ஒரு ஹம்பக்கர் பிக்கப்பும், நடுவிலும் கழுத்தருகிலும் ஒவ்வொரு சிங்கிள் காயில் பிக்கப்பும் உள்ளன. ஆம்பில் மாட்டியவுடன், நான் ஒரு தந்தியையும் தொடாதபோதே, குளவிக்கூட்டைக் கலைத்தது போன்ற இரைச்சல். தந்திகளைக் கையால் மூடினால் இரைச்சல் குறையும் என்று படித்திருந்தேன்; குறையவில்லை. மூன்றாம் தந்தி ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி விலகுகிறது. கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டினால் ஃப்ரெட்களின் முனைகள் தோலைக் கீறுகின்றன. விரல் நுனியில் அவ்வப்போது சுருக்கென்று ஏதோ குத்துவது போலவும் இருக்கிறது. புதுத் தந்தியின் கூர்மையாக இருக்கலாம். எடை 3.4 கிலோ. ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோள் பேசத் தொடங்கிவிடுகிறது.

என் முடிவு: இந்தக் கிடார் குறையுள்ளது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

17 ஆகஸ்ட், இரவு

எந்த நிறுவனம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒற்றைக் கிடாரை ஒரே நாள் வாசித்துவிட்டு ஒரு நிறுவனத்தைச் சந்தியில் நிறுத்த எனக்கு மனமில்லை. கடையின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

19 ஆகஸ்ட்

குளவியைப் பிடித்துவிட்டேன். அது கிடாரில் இல்லை. என் அறைச் சுவரில், மின்விசிறியின் ரெகுலேட்டருக்குள் குடியிருக்கிறது.

நேற்று மாலை ஏழு மணிக்கு மின்சாரம் போய், பத்து நிமிடத்தில் திரும்பியது. வந்தவுடன் ஆம்பை மட்டும் போட்டேன். மின்விசிறியைப் போட மறந்துவிட்டேன். இரைச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு மின்விசிறியை ஒவ்வோர் எண்ணாக வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் மூன்றிலும் குளவி கூச்சலிடுகிறது. ஐந்தில் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. பழைய திருகு வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் சில, மின்னோட்டத்தின் ஒவ்வோர் அலையையும் நடுவே வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டில் பிறக்கும் குறுக்கீடு காற்றிலும் கம்பியிலும் பரவுகிறது. சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழைக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். தந்தியின் அசைவைப் பிடிக்கும் அதே காது, ரெகுலேட்டரின் குறுக்கீட்டையும் பிடித்துக்கொள்கிறது. ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராகச் சேர்க்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது, தந்தியின் ஒலி மட்டும் கூடி நிற்கிறது. கிப்சன் நிறுவனத்தில் இருந்த செத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்சை பிரிட்ஜ் பக்கம் தள்ளினால் என் அறையிலும் அமைதி கிடைப்பதன் காரணம் இதுதான்.

எஞ்சியிருக்கும் மெல்லிய ரீங்காரம் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சொந்தக் குரல். அது ஏறக்குறைய மேற்கத்திய இசையின் ஏ (A) சுரம்.

20 ஆகஸ்ட்

தவறாக எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டிய முத்தியால்பேட்டை நண்பருக்கு நன்றி. ஏ என்பது 55 ஹெர்ட்ஸ்; 50 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருப்பது 49 ஹெர்ட்ஸில் உள்ள ஜி. நம் கணக்கில் ஐந்து கட்டை, அதற்கும் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால், அங்கே அது ஏ ஷார்ப்புக்கும் பி சுரத்துக்கும் இடையே எங்கோ தொங்குகிறது. சுருதி விஷயத்தில் நம் மின்வாரியம் மேல்.

25 ஆகஸ்ட்

இந்தக் குறிப்பை மட்டுமாவது எல்லோரும் படித்துவிடுங்கள்.

விரல் நுனியில் சுருக்கென்று குத்துகிறது என்று முதல் நாள் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், வெறுங்காலோடு தரையில் நின்றுகொண்டிருந்தீர்களா, ஆம்பின் பிளக்கைச் செருகிய சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று இரண்டே கேள்விகள் கேட்டார். நின்றது மொசைக் தரையில், வெறுங்காலோடுதான். எர்த் இருக்கிறது என்றுதான் நம்பியிருந்தேன், ஏனெனில் சாக்கெட்டில் மூன்று ஓட்டைகள் இருந்தன. இன்று எலெக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை மேலே உள்ள பெரிய ஓட்டையிலும் வைத்தார். விளக்கு எரியவில்லை. சாக்கெட்டைக் கழற்றினால், பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. வீடு கட்டி பத்தொன்பது ஆண்டுகளாகின்றன.

எலெக்ட்ரிக் கிடாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாகவும், கேபிளின் வெளிக்கம்பி வழியாகவும் ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. எர்த் இல்லாவிட்டால் அந்தச் சட்டத்தில் கசியும் மின்சாரம் தரைக்குப் போக நம் உடம்பைத் தேடுகிறது. என் விரலில் குத்தியது அந்தக் கசிவுதான். கசிவோடு நின்றது என் நல்ல காலம். 1972ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரில், லெஸ்லி ஹார்வி என்ற கிடார் கலைஞர் மேடையிலேயே எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு உயிரிழந்தார்.

புதுக் கம்பி இழுத்து எர்த் கொடுத்தாயிற்று. செலவு 1,400 ரூபாய். இப்போது தந்திகளின் மேல் கை வைத்தவுடன் இரைச்சல் சட்டென்று குறைகிறது. முதல் நாள் அது குறையாததே ஓர் எச்சரிக்கை. அதை நான் கிடாரின் குறைப் பட்டியலில் சேர்த்துவைத்திருந்தேன்.

1 செப்டம்பர்

சுருதி விலகுவது பற்றி. இரண்டு காரணங்கள் கண்டேன், ஒன்று வெட்கப்பட வேண்டியது.

என் அக்கூஸ்டிக் கிடாரில் முதல் தந்தி 0.012 அங்குலத் தடிமன், இதில் 0.009. இருபத்தாறு ஆண்டுகள் தடித்த தந்தியை அமுக்கிப் பழகிய விரல்கள், மெல்லிய தந்தியையும் அதே பலத்தோடு அமுக்குகின்றன. ஃப்ரெட்டைத் தொட்ட பிறகும் கீழே அழுத்தினால் தந்தி இழுபட்டு, சுரம் மேலே போகிறது. டியூனரைப் பார்த்துக்கொண்டே வேண்டுமென்று ஒரு சி கார்டைப் பலமாக அமுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தந்தியும் ஒவ்வோர் அளவில் விலகியது. அதாவது கிடார் சுருதியில்தான் இருந்தது, நான்தான் இல்லை. ஒரு வாரமாக இடது கையின் பாதி பலத்தில் வாசித்துப் பழகுகிறேன். ஆட்டுக்கல்லில் அரைத்தவர் மிக்ஸிக்கு மாறியது போல, கைக்கு வேலை போதவில்லை.

இரண்டாவது காரணம் கிடாரைச் சேர்ந்தது. முறுக்காணியைத் திருப்பும்போது மூன்றாம் தந்தி டிக்கென்று ஒலித்துத் தாவியது. கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட் என்ற துண்டின் பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொண்டு, பிறகு திடீரென்று நழுவுகிறது என்பது இதற்குப் பொருள். பென்சிலைக் கூராகச் சீவிப் பள்ளத்தில் தேய்த்தேன், கரித்தூள் வழுக்கலாகிச் சிக்கல் தீர்ந்தது. பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த பென்சிலைத் திருப்பி வைக்க மறந்தது தனிக் கதை.

8 செப்டம்பர்

விநாயக சதுர்த்திக்காக லாஸ்பேட்டையில் தங்கை வீட்டிலிருந்து அம்மா வந்திருக்கிறார். அம்மா பதினோரு வயது முதல் வீணை வாசித்தவர். விரல்களில் வாதம் வந்த பிறகு நிறுத்திவிட்டார்; ஆனால் காது அப்படியே இருக்கிறது. நான் வாசித்ததைக் கொஞ்ச நேரம் கேட்டவர், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே எல்லாச் சுரமும் கூடுதலாக ஒலிக்கிறதே என்றார். புதுக் கிடார் அம்மா, கடையிலிருந்து இப்படித்தான் வந்தது என்றேன்.

"மேளம் கட்டாத வீணையை யாராவது வாசிப்பாங்களாடா?"

வீணையை அறியாதவர்களுக்காக: வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. வாத்தியம் செய்து முடித்த பிறகு, காதில் நிதானமுள்ள ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு மெட்டையும் அதன் சுரம் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். மெழுகு இளகியும் இறுகியும் இடம் மாறும்போது திரும்பவும் கட்ட வேண்டும். தச்சர் கையிலிருந்து வந்த வீணையை எடுத்து வாசித்துவிட்டு, இந்த வீணை சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. நான் மூன்று வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிடாரின் ஃப்ரெட்கள் அசையாதவை. ஆனால் மற்ற எல்லாம் அசையும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி தந்திகளின் இழுவைக்கு எதிராகக் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒருசேர அமுக்கிக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டின் மேல் தந்திக்குக் கீழே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும், 0.25 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும். அளப்பதற்கான ஃபீலர் கேஜை எங்கள் தெரு பைக் மெக்கானிக்கிடம் இரவல் வாங்கினேன். டேப்பெட் அளக்க வைத்திருப்பதைக் கிடாருக்குக் கேட்கிறேன் என்றதும், பாட்டு வருமா என்று பார்க்க அவரும் கூடவே வந்துவிட்டார். இடைவெளி 0.5 இருந்தது. ஆலன் சாவியால் கால் திருப்பு திருப்பி, இரவு முழுவதும் விட்டு, காலையில் மறுபடியும் கால் திருப்பு. அதன் பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தி உயரத்தை 2.4 மில்லிமீட்டரிலிருந்து, தடித்த தந்திக்கு 1.8, மெல்லியதற்கு 1.5 என்று இறக்கினேன்.

கடைசியாக, அம்மா காதில் பட்ட குறை. இந்த வகைக் கிடாரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் ஃப்ரெட் அதன் சரிபாதியில், 324இல் நிற்கிறது. ஆனால் அமுக்கும்போது தந்தி சற்று இழுபடுவதால் சரிபாதி போதாது. பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சிறு குதிரையைத் தனித்தனியாக நகர்த்தி ஈடுகட்ட வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுரம் கூடுதலாக ஒலித்தால் குதிரையைக் கழுத்துப் பக்கமாக நகர்த்துங்கள்.

9 செப்டம்பர்

நேற்றைய கடைசி வாக்கியத்தை யாரும் பின்பற்றிவிடாதீர்கள், தலைகீழாக எழுதியிருக்கிறேன். சுரம் கூடுதலாக ஒலித்தால் தந்தி குட்டை என்று பொருள், ஆகவே குதிரையைக் கழுத்தை விட்டுப் பின்னால் தள்ள வேண்டும். கை சரியாகத்தான் செய்தது, எழுதும்போது புத்தி மாறிவிட்டது.

22 செப்டம்பர்

பண்ருட்டிக்காரர் ஒருவர் சண்டைக்கு இழுக்கிறார். தஞ்சாவூர் வீணைக்கே எங்கள் ஊர்ப் பலாமரம் போகிறது, அதில் ஓர் எலெக்ட்ரிக் கிடார் செய்தால் உங்கள் வெளிநாட்டு மரமெல்லாம் எடுபடுமா என்கிறார். பலாவின் பெருமையை நான் மறுக்கவில்லை. வீணையில் குடம் முழுவதும் அதிர்ந்து காற்றை அசைக்கிறது. அங்கே மரமே குரல். எலெக்ட்ரிக் கிடாரில் ஆம்புக்குப் போவது, காந்தப்புலத்தில் இரும்புத் தந்தி அசைவதால் சுருளில் பிறக்கும் மின்சாரம் மட்டுமே. ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த, மடியில் வைத்து வாசிக்கும் முதல் எலெக்ட்ரிக் கிடாரின் உடல் மரமே அல்ல, வார்த்தெடுத்த அலுமினியம். பார்ப்பதற்கு தோசைக்கல்லுக்குக் கைப்பிடி வைத்தது போலிருந்ததால் வாணலி என்றே பட்டப்பெயர் வாங்கியது. லெஸ் பால் 1940ஐ ஒட்டி நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டையில் தந்தி கட்டி வாசித்தார். கட்டையைக் கண்டு முகம் சுளித்தவர்களுக்காக இரண்டு பக்கமும் பழைய கிடாரின் உடலை அறுத்து ஒட்டினார்.

இருந்தாலும் ஓர் இரண்டாம் எண்ணம். ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது கிடாரின் உடல் என் விலாவில் அதிர்வதை உணர்கிறேன். அந்த அதிர்வு பிடித்திருந்தால் விரல் வேறு விதமாக வாசிக்கத்தான் செய்யும். மரத்தின் பங்கு அந்த வழியாக வந்து சேரலாம். இதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

13 அக்டோபர்

தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து எங்கள் மஞ்சக்குப்பம் வீடு அதிக தூரமில்லை. மாலைக் காற்று உப்போடுதான் வருகிறது. முதல் மூன்று தந்திகளில் ஐந்தாவது வாரமே செம்புள்ளிகள். சுற்றுக்கம்பித் தந்திகளில் நிக்கல் பூச்சு இருப்பதால் அவை தாங்குகின்றன. வெற்று எஃகுத் தந்திகள்தாம் முதலில் துருவேறுகின்றன. வாசித்து முடித்தவுடன் பழைய பருத்தி வேட்டித் துணியால் தந்தியின் அடிப்பக்கமும் சேரத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு உறைக்குள் வைக்கிறேன். சுவரில் மாட்டி அழகு பார்ப்பது நம் கடற்கரைக்கு ஒத்துவராது.

நேற்று முன்தினம் ஆயுத பூஜை. அம்மா கிடாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார், சரியாக நடு பிக்கப்பின் மேல். நேற்று விஜயதசமிக்கு எடுத்து வாசிக்கும் முன் பல் துலக்கும் பிரஷ்ஷால் அரை மணி நேரம் சுத்தம் செய்தேன். ஒலியில் மாற்றம் ஏதுமில்லை என்று பதிவு செய்கிறேன்.

5 டிசம்பர்

நலம் விசாரித்தவர்களுக்கு: நாங்களும் நலம், கிடாரும் நலம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. லாஸ்பேட்டையில் தங்கை வீட்டுத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணை பெருகி வந்தபோது, எங்கள் தெருவுக்கும் வந்துவிடுமோ என்று அரிசி மூட்டையையும் வீட்டுப் பத்திரங்களையும் கிடாரையும் பரணில் ஏற்றினோம். ஆம்புக்குப் பரணில் இடமில்லை என்று மனைவி தீர்ப்பளித்தார். தண்ணீர் எங்கள் தெரு வரை வரவில்லை.

மின்சாரம் இல்லாத இரவுகளில் ஆம்ப் இல்லாமல் வாசித்தேன். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத அந்தச் சின்னஞ்சிறு ஒலிக்கு நான் இப்படிப் பழகிப்போவேன் என்று ஆகஸ்டில் நினைத்திருக்க மாட்டேன்.

பரணிலிருந்து இறக்கியபோது கழுத்து மறுபடியும் வளைந்திருந்தது, இடைவெளி 0.4. மெக்கானிக்கிடம் மீண்டும் ஃபீலர் கேஜ். ஆனால் ஓர் ஆச்சரியம்: முதல் நாள் நான் புகார் சொன்ன, கையைக் கீறும் ஃப்ரெட் முனைகளைத் தேடினால் காணவில்லை. கடையின் ஏசி அறையில் மாதக்கணக்கில் காய்ந்து சுருங்கிய மரத்துக்கு வெளியே உலோகம் நீட்டிக்கொண்டிருந்தது. மழைக்கால ஈரத்தில் மரம் ஊறி விரிந்து முனைகளை உள்ளே வாங்கிக்கொண்டது. அரம் வாங்கி நானே ராவிவிடலாம் என்று அப்போது அறிவுரை சொன்னவர் இழையில் இன்னும் இருக்கிறாரா? உங்கள் பேச்சைக் கேட்காமல் போனேன். கோடையில் முனைகள் திரும்ப வெளியே வந்தால் உங்களைத் தேடி வருவேன்.

29 டிசம்பர்

மார்கழி என்பதால், எலெக்ட்ரிக் கிடாரில் கமகம் வாசிக்க முடியுமா என்று கேட்ட இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். மாண்டலின் சீனிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஒற்றைத் தந்திகளாக ஐந்து கட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசையை நிறுவியவர். எலெக்ட்ரிக் கிடாரிலேயே பிரசன்னா முழுக் கச்சேரி செய்கிறார். எனவே முடியுமா என்பது கேள்வியே அல்ல. என் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி. வீணையின் மெட்டுகள் உயரமானவை, தந்தியை ஒரே மெட்டில் வைத்து இரண்டு மூன்று சுரம் வரை இழுக்கலாம். இங்கே 0.009 தந்தியில் ஒரு முழுச் சுரம் சுகமாக வருகிறது. அதற்கு மேல் பக்கத்துத் தந்தி விரலுக்கடியில் புகுந்து அலறுகிறது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை அம்மா முன்னால் வாசித்தேன். ரிஷபமும் தைவதமும் தேறின. காந்தாரத்தை ஏன் இப்படி ஆட்டுகிறாய், அது சும்மா நிற்க வேண்டிய இடம் என்றார்.

ஹம்பக்கரில் வாசித்தபோது குரல் தடித்திருக்கிறது என்றவர், கழுத்தருகே உள்ள சிங்கிள் காயிலுக்கு மாற்றச் சொன்னார். மாற்றியதும் பழைய ரீங்காரம் மெல்ல வந்தது. அதை ஒழிப்பதற்காகவே, உள்ளே செப்புத் தகடு ஒட்டலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சுருதிப் பெட்டி ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்றார். அது சுருதிப் பெட்டி இல்லை, மின்சாரம் என்று நான் சொல்வதற்குள், ஆறு தந்திகளையும் அதற்கேற்பச் சற்று ஏற்றச் சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்.

ஏற்றினேன். செப்புத் தகடு வாங்குவதைப் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.